வாளிக்குள் மூச்சு

இருபது லிட்டர் வாளி, அதற்கேற்ற மூடி, மூடியில் துளையிட்டுச் செருகிய வலைக்கிண்ணங்கள், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுப் பம்பு, இரண்டு மீட்டர் குழாய், குழாயின் நுனியில் ஒரு காற்றுக்கல். இவ்வளவு இருந்தால் மொட்டைமாடியிலோ பால்கனியிலோ ஆழ்நீர் வளர்ப்பு முறையில் கீரை வளர்க்கத் தொடங்கிவிடலாம். மண் கிடையாது, உரம் கரைத்த நீரில் வேர் நேரடியாகத் தொங்கும். ஹைட்ரோபோனிக்ஸ் முறைகளில் இதைவிட எளிதாகக் கட்டக்கூடியவை குறைவு. இதைவிட எளிதாகக் கெட்டுப்போகக்கூடியவையும் குறைவு. கையேடுகள் பெரும்பாலும் உரக் கரைசலில் தொடங்கும். எந்த உப்பு எத்தனை கிராம், எந்த வாரத்தில் எவ்வளவு கூட்டுவது என்று பட்டியல்கள் நீளும். இந்த அத்தியாயம் உரத்தைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறது. வாளிக்குள் நாம் முதலில் அமைக்க வேண்டியது வேர் மூச்சுவிடுவதற்கான ஏற்பாடு. அதிலும் நம் ஊர் வெயிலில் அந்த மூச்சைத் தீர்மானிப்பது பம்பின் பலத்தைவிட நீரின் வெப்பம்தான். இந்த இரண்டையும் நிறுவிவிட்டால், எந்த வாளியை வாங்குவது, அதை எங்கே வைப்பது, எவ்வளவு நிரப்புவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே வந்துவிடும்.

வேர் சுவாசிக்கிறது என்பதைப் பள்ளியில் படித்திருந்தும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இலை ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்ற பாடம் அவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருப்பதால், செடி முழுவதுமே ஆக்சிஜன் உற்பத்திக்கூடம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வேருக்குள் ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. இலை அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் அது உயிர்வாழ்கிறது; எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜனோடு முழுமையாக எரித்தால் செல்லுக்கு ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் நொதிக்கவைத்தால் கிடைப்பது 2. இந்த ஆற்றலில் கணிசமான பங்கு உப்புகளை உள்ளே இழுக்கும் வேலைக்குப் போகிறது. நைட்ரேட் தானாக வேருக்குள் நுழைந்துவிடாது. வேரின் செல்கள் புரோட்டான்களை வெளியே தள்ளி ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, அந்த அழுத்தத்தின் பலத்தில்தான் நைட்ரேட்டை உள்ளே கொண்டுவருகின்றன. ஆக, கரைசலில் எவ்வளவு உரம் இருந்தாலும் ஆக்சிஜன் குறைந்த வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளாவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் உரம் ஊற்றுபவர் பல நேரங்களில் நோயைத் தவறாகக் கணிக்கிறார்.

இன்னும் விசித்திரமான விளைவு ஒன்று உண்டு. ஆக்சிஜன் தீர்ந்த நீரில் நிற்கும் செடி வாடும். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் துவளும். இதன் காரணம் 2003இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வில் தெளிவானது. வேர்ச் செல்களின் சவ்வில் அக்வாபோரின் என்ற புரதங்கள் நீருக்கான வாயில்களாக இருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாதபோது செல்லின் உட்பகுதியில் அமிலத்தன்மை கூடுகிறது. அது கூடியதும் இந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. பகல் ஒரு மணிக்கு வாளிச் செடி தலை தொங்கினால் வெயில் தாங்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். பாதி உண்மைதான். வெயில் இலையைச் சுட்டதைவிட வாளியைச் சுட்டதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமானால் வேர் அழுகும் என்பது மாடித்தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, வேரை முழுக்க நீரிலேயே தொங்கவிடும் முறை எப்படி வேலை செய்ய முடியும்? வேரை அழுக வைப்பது நீரன்று, நீர் காற்றை வெளியேற்றிவிடுவதுதான். மண்ணின் துளைகளில் இருக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. காற்றோடு முழுமையாகக் கலந்து நிறைவுற்ற ஒரு லிட்டர் நீரில், 25 டிகிரி செல்சியஸில், 8.3 மில்லிகிராம்தான். முப்பது மடங்குக்கும் மேல் குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல், ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவானது. எனவே அசையாத நீரில் வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால், இரண்டு அங்குலத்துக்கு அப்பால் எவ்வளவு இருந்தாலும் நேரத்துக்கு வந்து சேராது. ஆழ்நீர் வளர்ப்பு வேலை செய்வதற்கு ஒரே காரணம், இந்த இரு குறைகளையும் வெளியிலிருந்து ஓர் இயந்திரம் ஈடுசெய்கிறது என்பதே. பம்பு ஆக்சிஜனை நிரப்புகிறது. நீரைக் கலக்கி அதை வேரின் வாசல்வரை கொண்டுவருகிறது.

இந்த முறையின் வரலாறே காற்றைத் தேடிய வரலாறுதான். பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் கெரிக் 1930களில் தக்காளிச் செடிகளை ஏணி வைத்துப் பறிக்கும் உயரத்துக்கு நீரில் வளர்த்துக் காட்டிப் பரபரப்பு உண்டாக்கினார். 1937இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அச்சில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய தொட்டிகளில் செடி கம்பிவலைத் தட்டில் பரப்பிய படுகையில் நின்றது. தட்டுக்குக் கீழேதான் கரைசல். வேரின் மேற்பகுதி ஈரமான காற்றிலும் அடிப்பகுதி நீரிலும் இருந்தன. செய்தித்தாள்கள் உரக் கரைசலைத்தான் அதிசயமாக எழுதின. அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் இந்தப் பரபரப்பை ஆராய்ந்து 1938இல் ஒரு சிற்றேடு வெளியிட்டார்கள். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிட நீரில் கிடைப்பது மாயமாக உயர்ந்துவிடுவதில்லை என்பது அவர்கள் முடிவு. இன்றும் விளம்பரங்களில் பல மடங்கு மகசூல் என்று படிக்கும்போது அந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் 1940களில் வங்காளத்தில் இம்முறையைப் பரிசோதித்த ஷோல்டோ டக்ளஸ், வெறும் நீரை விட்டுவிட்டுக் கல்துகளும் மணலும் நிரப்பிய தொட்டிகளைத் தேர்ந்தெடுத்தார். துளைகள் உள்ள ஊடகத்தில் நீரும் காற்றும் சேர்ந்தே இருக்கும்; மின்சாரமோ பம்போ வேண்டாம். வெப்பமான நாட்டில், ஏழை வீட்டுக்கும் எட்டும்படி யோசித்தவர் எடுத்த முடிவு அது.

அப்படியானால் எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாளியில் 15 லிட்டர் கரைசல். அதில் நான்கு லெட்டூஸ் செடிகள். அறுவடை நெருங்கும்போது எல்லா வேரையும் சேர்த்து உலர்த்தி நிறுத்தால் ஐந்து கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உலர் எடையில் ஒரு கிராம் வேர் மணிக்குச் சில மில்லிகிராம் ஆக்சிஜனைச் செலவழிக்கும். 30 டிகிரியில் இதை மூன்றரை என்று கொண்டால் மொத்தத் தேவை மணிக்கு 17 மில்லிகிராம் சொச்சம். 30 டிகிரியில் நிறைவுற்ற நீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம், 15 லிட்டரில் 112. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு இறங்கும்வரை தாங்கும் என்றால் செலவழிக்கக் கூடியது 82. பம்பு நின்றால் ஐந்து மணி நேரத்துக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். இனி அதே வாளி 20 டிகிரியில் இருப்பதாக எண்ணுங்கள். நீர் ஏந்தும் ஆக்சிஜன் லிட்டருக்கு 9.1 ஆகக் கூடுகிறது. வேரின் சுவாசமோ பத்து டிகிரி குறைந்ததால் ஏறத்தாழ பாதியாகிறது. கையிருப்பு 136, அதில் செலவழிக்கக் கூடியது 106, தேவை மணிக்கு எட்டரை. பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதே செடி, அதே உரம், அதே வாளி; பத்து டிகிரி வித்தியாசத்தில் கால அவகாசம் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. வெப்பம் இருபக்கமும் வெட்டுகிறது: வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டுகிறது.

இப்போது பம்பைப் பார்ப்போம். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் காற்றுத் தள்ளும் சாதாரண மீன்தொட்டிப் பம்பு மணிக்கு 120 லிட்டர் காற்றை வாளிக்குள் விடுகிறது. அதில் இருக்கும் ஆக்சிஜன் 32 கிராம். குமிழி 25 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர ஒரு நொடிபோல்தான் ஆகும். அதற்குள் அதிலிருக்கும் ஆக்சிஜனில் நூற்றில் ஒரு பங்கு கரைந்தாலே அதிகம். அந்த ஒரு பங்கே 320 மில்லிகிராம். நீரில் ஆக்சிஜன் ஏறஏறக் கரையும் வேகம் குறையும் என்பதால், லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற நிலையில் மணிக்கு 100 மில்லிகிராம்தான் ஏறும் என்று வைத்துக்கொண்டாலும், தேவையான 17ஐப் போல அது ஐந்தாறு மடங்கு. பம்பே இல்லாமல் அசையாத நீர்ப்பரப்பு வழியாக மட்டும் இறங்குவது மணிக்குச் சில மில்லிகிராம்தான். அதனால் பம்பு அவசியம். ஆனால் பெரிய பம்பு அவசியமில்லை. காற்று எவ்வளவு அடித்தாலும் அந்த வெப்பநிலைக்குரிய நிறைவு அளவைத் தாண்டி நீர் ஆக்சிஜனை ஏற்காது. 30 டிகிரியில் 7.5 என்றால் 7.5தான். கடைக்காரர் இரட்டைக் குழாய்ப் பம்பை எடுத்துக்காட்டும்போது இந்த உச்சவரம்பை நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை நிழலுக்குச் செலவழிப்பது மேல்.

கரைந்த ஆக்சிஜனுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு எதிராக ஒரு வலுவான சான்று இருக்கிறது. 1996இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், மிதவைப் பலகையில் வளரும் லெட்டூஸுக்கு லிட்டருக்கு 2.1, 4.2, 8.4, 16.8 மில்லிகிராம் என நான்கு அளவுகளில் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். செடிகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2.1 போதும் என்றால் இத்தனை கவலை எதற்கு? இந்த முடிவை நான் நம்புகிறேன். அதன் பொருளை மட்டும் சரியாகப் படிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அந்த 2.1 இராப்பகலாக விடாமல் பராமரிக்கப்பட்டது. வீட்டு வாளியில் 2.1 என்பது ஒரு நிலையான புள்ளியாக இருக்காது. கீழே இறங்கும் வழியில் ஒரு கணமாகத்தான் இருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்தில் அது ஒன்றாகும், பிறகு சுழியமாகும். மேலும் அளவி காட்டுவது வாளி நீரின் பொது அளவு. செழித்த செடியின் வேர்கள் பின்னிப் பாயாகிவிடும். பாயின் நடுவே இருக்கும் வேருக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. கார்னெலின் லெட்டூஸ் கையேடே 4 மில்லிகிராமுக்குக் கீழே விடாதே என்றுதான் வளர்ப்போருக்குச் சொல்கிறது. அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: 8.4ஐ 16.8 ஆக்கினாலும் செடிக்கு லாபமில்லை. தூய ஆக்சிஜன் உருளை, நுண்குமிழிக் கருவி, தினமும் ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடு இவற்றையெல்லாம் அமைதியாகக் கடந்துபோகலாம். உச்சத்தைத் தேட வேண்டியதில்லை. அடிமட்டத்துக்கு இறங்காமல் காத்தால் போதும்.

அடிமட்டத்துக்கு இறங்கும் நேரத்தில் வேறொரு விருந்தாளியும் வருகிறது. பித்தியம் என்ற நீர்வாழ் பூஞ்சை போன்ற உயிரினத்தின் வித்துகள் வால் முளைத்து நீந்தக்கூடியவை. அவற்றில் வெப்பத்தை விரும்பும் இனமான பித்தியம் அஃபானிடெர்மாட்டம் 30 டிகிரியைத் தாண்டிய நீரில் சிறப்பாகப் பெருகும். மூச்சுத் திணறும் வேர் சர்க்கரையையும் நொதிப்புப் பொருள்களையும் கசியவிடுகிறது. வாசம் பிடித்து வித்துகள் அங்கே வந்து ஒட்டுகின்றன. வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகிறது, தொட்டால் மேல்தோல் உரிந்து நரம்பு மட்டும் கையில் வருகிறது, வாளியைத் திறந்தால் சாக்கடை வாடை அடிக்கிறது. அதன்பிறகு எந்த மருந்தும் வேலைக்காகாது. கொட்டிக் கழுவித் தொடங்குவதுதான் வழி.

வெப்பத்தைப் பற்றிய மிகத் தெளிவான சான்று சிங்கப்பூரிலிருந்து வருகிறது. அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் லீ சிங் காங், ஹெ ஜியே முதலியோர் குளிர்நாட்டு லெட்டூஸை வெப்பமண்டல வெயிலில் வளர்த்தார்கள். இலைகளைச் சுற்றிய காற்று ஊர் வெப்பத்திலேயே இருந்தது; வேர்ப் பகுதியை மட்டும் 20 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். வேர் குளிர்ந்திருந்த செடிகள் நன்றாக வளர்ந்தன. இங்கே என் வாதத்துக்கே ஒரு சங்கடம் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் பயன்படுத்தியது வேரைக் காற்றில் தொங்கவிட்டுக் கரைசலைத் தெளிக்கும் முறை. அங்கே ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் குளிர்ச்சி உதவியது என்றால், வெப்பம் ஆக்சிஜன் வழியாக மட்டும் கெடுப்பதில்லை, நேரடியாகவும் கெடுக்கிறது என்றாகிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இது வீட்டு வாளிக்கான அறிவுரையை மாற்றவில்லை, இன்னும் அழுத்துகிறது. காற்று முழுக்க இருக்கும் முறையிலேயே வெப்பம் இவ்வளவு பாதிக்குமானால், காற்றே அரிதான வாளியில் எவ்வளவு பாதிக்கும்! இன்னொரு நற்செய்தியும் அதில் உண்டு. மாடி முழுவதையும் குளிர்விக்க வேண்டாம்; 15 லிட்டர் நீரைக் குளிர்வித்தால் போதும்.

வாளியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே அந்த வேலை தொடங்குகிறது. ஒளி உள்ளே புகக் கூடாது. புகுந்தால் பாசி படரும், இரவில் அதுவும் வேரோடு போட்டியிட்டு ஆக்சிஜனைத் தின்னும். ஒளியை அடைக்கக் கறுப்பு வாளி நல்லது என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 1000 வாட் பொழிகிறது. வாளியின் வெயில் படும் முகம் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒன்று இருக்கலாம். கறுப்பு அதில் 70 வாட்டை விழுங்கும். 15 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 63 கிலோஜூல் போதும். கணக்குப்படி மணிக்கு நான்கு டிகிரி ஏறும். காலை பத்து மணிக்கு 28இல் இருந்த நீர் மதியம் ஒரு மணிக்கு 40ஐ நெருங்கும். சிறிதளவு வெப்பம் சுவர் வழியே வெளியேறும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையலாம். செடிக்கு அந்தச் சலுகை போதாது. ஆகவே உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை என்பதுதான் சரியான சேர்க்கை. கறுப்பு வாளி கையிலிருந்தால் வெளியே வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு. மீன் மார்க்கெட்டில் ஐஸ் வைத்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டி இதைவிடவும் சிறந்தது. நன்றாகக் கழுவி, உள்ளே கறுப்புப் பாலித்தீன் விரித்தால் வெப்பம் புகாத தொட்டி தயார். மூடியிலேயே கிண்ணத்துக்கு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். பழைய பெயின்ட் டப்பாவையும் பூச்சிமருந்து வந்த கேனையும் தவிர்த்துவிடுங்கள். உண்ணப் போகும் கீரை இது.

தரையும் சுடும். மொட்டைமாடித் தளத்தில் நேராக வைத்த வாளி மேலிருந்து வெயிலையும் கீழிருந்து கான்கிரீட்டின் சூட்டையும் வாங்கும். இரண்டு செங்கல் மீது தூக்கிவைப்பதற்குச் செலவே இல்லை. ஈரச்சாக்கு சுற்றுவது பழைய உத்தி, ஆனால் கணக்கில் நிற்கும் உத்தி. 15 லிட்டர் நீரை ஐந்து டிகிரி குளிர்விக்க ஒரு டம்ளர் அளவுகூட வேண்டாம். 130 மில்லிலிட்டர் நீர் ஆவியானால் போதும். மதுரையிலும் திருச்சியிலும் வறண்ட காற்றில் இது அபாரமாக வேலை செய்யும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடற்காற்றின் ஈரத்தில் ஆவியாதல் மந்தமாகிவிடும். அங்கே நிழல்வலைதான் முதல் கை. மண்பானையிலேயே கரைசலை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். பானைச் சுவரில் நீர் கசிந்து ஆவியாகும்போது உப்பு சுவரிலேயே தங்கித் துளைகளை அடைத்துவிடும். சில வாரங்களில் பானை குளிர்விப்பதை நிறுத்திவிடும். பெரிய பானையில் ஈரமணல் நிரப்பி, அதற்குள் வாளியை இறக்கினால் குளிர்ச்சியும் கிடைக்கும், துளையும் அடைபடாது. நீரின் அளவு கூடக்கூட வெப்பம் ஏறுவதும் மெதுவாகும். கையிருப்பு ஆக்சிஜனும் கூடும். சின்ன டப்பாவில் பழகிவிட்டுப் பெரிய வாளிக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் கடினமான பாடத்தை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள்.

பம்பே வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் பார்க்க வேண்டும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய முறையில் மின்சாரமே கிடையாது. வாளியை ஒருமுறை நிரப்பி நாற்றை வைத்துவிட்டால், செடி குடிக்கக்குடிக்க நீர்மட்டம் இறங்கும். மூடிக்கும் நீருக்கும் நடுவே ஈரக்காற்று நிறைந்த வெளி உருவாகும். அந்த வெளியில் தொங்கும் வேர்கள் மெல்லிய கிளைகள் விட்டுக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும், அடியிலிருக்கும் வேர்கள் நீரையும் உப்பையும் எடுக்கும். கெரிக்கின் கம்பிவலைத் தட்டு வேறு உருவில் திரும்பி வந்ததுபோலத்தான் இது. காற்று முக்கியம் என்ற வாதத்தை இம்முறை மறுக்கவில்லை. காற்றை நீருக்குள் கொண்டுவருவதற்குப் பதிலாக வேரைக் காற்றுக்குள் கொண்டுவருகிறது. இதில் செய்யக்கூடாத ஒரே காரியம், குறைந்த நீரை விளிம்புவரை மறுபடி நிரப்புவது. காற்றுக்குப் பழகிய வேர்கள் திடீரென மூழ்கினால் செடி ஓரிரு நாளில் துவளும். லெட்டூஸ் போல விரைவாக முடியும் பயிருக்கு இம்முறை போதும். தக்காளி போல மாதக்கணக்கில் நின்று பெரிதாகக் குடிக்கும் பயிருக்கு ஒரு வாளி நீர் போதாமல் நடுவே நிரப்ப வேண்டிவரும், சிக்கல் அங்கேதான்.

நம் ஊர் நிலைமைக்கு இரண்டையும் சேர்ப்பதே புத்திசாலித்தனம். பம்பு ஓடட்டும், கூடவே, வேர் இறங்கி நீரைத் தொட்டதும் கிண்ணத்தின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கட்டும். பம்பு ஓடும்போது குமிழிகள் உடைந்து தெறிக்கும் துளிகள் அந்த இடைவெளி வேர்களை ஈரமாக வைக்கும். மின்சாரம் நின்றால் அதே வேர்கள் செடியைக் காப்பாற்றும். மேலே சொன்ன ஐந்து மணி நேரக் கணக்கு முழுக்க மூழ்கிய வேருக்கானது. இந்த இடைவெளி இருந்தால் கோடை மின்வெட்டைக் கண்டு பதற வேண்டியதில்லை. பம்பை வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே, நிழலில் வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே நீர் பின்னோக்கி ஓடிப் பம்புக்குள் புகும். ஒருவழி வால்வு போடலாம், ஆனால் ஆணியில் மாட்டும் பம்புக்கு அந்த வால்வுகூட வேண்டாம். வெயிலில் கிடக்கும் பம்பு வெந்த காற்றை உள்ளே தள்ளும் என்பது நிழலுக்கான இன்னொரு காரணம்.

இயற்கை வேளாண் நண்பர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்று: ரசாயன உப்புக்குப் பதில் பஞ்சகவ்யத்தையோ ஜீவாமிர்தத்தையோ வாளியில் ஊற்றினால் என்ன? மண்ணில் அவை செய்யும் வேலையில் எனக்குச் சண்டையில்லை. வாளியில் அவை வேறு வேலை செய்யும். வெல்லமும் சாணமும் பாலும் சேர்ந்த கரைசல் நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை பெருகி உண்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணில் அந்த ஆக்சிஜன் துளைகளின் காற்றிலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது. இங்கே மொத்தக் கையிருப்பு 112 மில்லிகிராம். அதில் வேருக்கும் நுண்ணுயிருக்கும் பங்கு போட வேண்டும். வேர்தான் தோற்கும். ரசாயன உப்புக் கரைசலை இங்கே பரிந்துரைப்பதற்குக் காரணம் கொள்கையன்று, அது எதையும் சுவாசிப்பதில்லை என்பதே. இதே காரணத்தால்தான் தென்னை நார்க்கழிவைத் தளர்வாகக் கிண்ணத்தில் போட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். துகள் நீரில் உதிர்ந்து அடியில் மக்கும். சுட்ட களிமண் உருண்டை, அது கிடைக்காவிட்டால் கழுவிய கருங்கல் ஜல்லி, இரண்டும் போதும்.

உரத்துக்கு இப்போது சில வரிகள் போதும். கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகவும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ளவற்றைத் தனியாகவும் கரைத்து, நிறைய நீரில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அடர்த்தியாகக் கலந்தால் கால்சியம் சல்பேட் வெள்ளை மண்டியாக அடியில் தங்கிவிடும். கடையில் ஏ, பி என இரு புட்டிகளாக விற்பதன் காரணம் அதுதான். இலைப்பயிருக்குக் கரைசலின் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ், பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. போர் தண்ணீர் பல ஊர்களில் கரைசலாகும் முன்பே இந்த அளவை எட்டிவிடுகிறது. மழைநீரோ ஆர்ஓ நீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் செடி உப்பைவிட நீரையே அதிகம் குடிப்பதால் கரைசல் நாளுக்கு நாள் அடர்த்தியாகும். அப்போது நிரப்ப வேண்டியது வெறும் நீர்.

கடைசியாக ஒரு மறுப்பு, எனக்கு மிகவும் பிடித்தது. நெல் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறதே, அதற்கு யார் பம்பு வைத்தார்கள்? நெல்லுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. இலையிலிருந்து தண்டு வழியே வேர்நுனி வரை காற்றறைத் திசு என்ற வெற்றிடங்கள் தொடர்ச்சியாக ஓடுகின்றன. ஆக்சிஜன் நீருக்குள் நீந்தி வர வேண்டியதில்லை, செடிக்குள்ளேயே இறங்கிவருகிறது. வழியில் கசிந்துவிடாதபடி வேரின் புறச்சுவரில் ஒரு தடுப்பும் உருவாகிறது. லெட்டூஸுக்கும் பெரும்பாலான காய்கறிகளுக்கும் இந்த வசதி மிகக் குறைவு. அவற்றுக்குத்தான் வாளியில் குழாய் செருகுகிறோம். ஆகவே எந்தப் பயிர் என்பதும் மூச்சைப் பற்றிய முடிவாகவே ஆகிறது. லெட்டூஸை ஐப்பசியில் விதைத்துத் தை, மாசிக்குள் இரண்டு மூன்று சுற்று எடுத்துவிடலாம். நீரும் தானாகவே குளிர்ந்திருக்கும் காலம் அது. பங்குனி தாண்டினால் வேரைக் குளிர்வித்தாலும் லெட்டூஸ் கசந்து பூக்கத் தொடங்கும். சித்திரையில் அதே வாளியில் வள்ளைக்கீரைத் தண்டுகளைச் செருகிவிடுங்கள். இலங்கையில் கங்குன் என்று கட்டுக்கட்டாக விற்பது இதுதான். குளத்தில் மிதந்து வளரும் கொடி. தண்டே உள்ளீடற்ற குழல். ஒளிபுகாத வாளியும் நீர்த்த உரமும் இதற்கும் வேண்டும். பம்பை மட்டும் கழற்றி அடுத்த ஐப்பசி வரை எடுத்துவைத்துவிடலாம்.